உழைப்புக்கு வந்த சட்டங்கள் – 9: வாடியா மீது ஒரு வழக்கு

சென்ற இதழை 1859ஆம் ஆண்டின் 13ஆம் எண் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலையை விட்டுப் போனால் முதலாளி மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். ‘பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் வேலைக்குப் போ’ என்று மாஜிஸ்ட்ரேட் உத்தரவிடுவார். அதற்கும் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை கடுங்காவல். சென்னை, கல்கத்தா, பம்பாய் என்ற மூன்று பெருநகரங்களுக்காக முதலில் வந்த சட்டம் அது. வேலையாள் சொல் தவறினால் சிறை. முதலாளி சொல் தவறினால் அவர் மேல் சிவில் வழக்கு போட்டுக்கொள்ளலாம், கையில் காசிருந்தால்.

வேலை செய்பவருக்கும் வேலை கொடுப்பவருக்கும் இடையே சட்டம் அப்படி நின்றிருந்த காலத்தில்தான் பெரம்பூரில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. இன்று அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ சங்கத்தில் சேர்ந்தோம் என்பதற்காக யாரும் நம் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. அந்தப் பாதுகாப்பு டெல்லியில் யாருக்கோ தோன்றிய நல்லெண்ணத்தில் வந்ததன்று. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழிலாளர் தரப்பு பின்வாங்க நேர்ந்த ஒரு வழக்கின் பின்விளைவாக வந்தது.

பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை. இரண்டையும் நிர்வகித்தது பின்னி கம்பெனி. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாக இணைக்கப்பட்டு ‘பி அண்ட் சி’ ஆனதற்கு முன்பே ஊர் வாயில் அவை பின்னி ஆலைகள்தான். ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு வேலை. புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் எல்லாம் ஆலைச் சங்கு கேட்டு எழுந்த ஊர்கள். முதல் உலகப் போர் வந்தது. பின்னியின் காக்கித் துணிக்கு ராணுவத்திலிருந்து ஆர்டர் குவிந்தது. அரிசி விலையும் ஏறியது. 1918 செப்டம்பரில் சென்னையில் தானியக் கடைகள் சூறையாடப்படும் அளவுக்கு ஏறியது. லாபம் ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை.

ஆனால் சங்கத்தின் முதல் கோரிக்கை கூலி பற்றியதன்று, சோற்று நேரம் பற்றியது. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி நண்பகல் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையே அரை மணி நேரம் இயந்திரங்கள் நிற்க வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஜவுளி ஆலையில் ஆண் தொழிலாளியின் நாளுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. ஆக, பகல் முழுதும் தறியடியில் நிற்பவருக்கு அரை மணி. அதற்குள் தறியை விட்டு வெளியே வந்து, கை கழுவி, வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டைத் தேடிப் பிடித்து, தின்று, கேட்டு மூடுமுன் உள்ளே போக வேண்டும். நிர்வாகம் இதில் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் சொன்ன அரை மணியைத் துல்லியமாகக் கொடுத்தது.

பெரம்பூர்ப் பக்கம் வியாபாரம் செய்துவந்த ஜி. செல்வபதி செட்டியாரும் ஜி. ராமானுஜுலு நாயுடுவும் இந்தக் குறைகளைத் தினமும் காதால் கேட்டவர்கள். கடைக்கு வந்தவர்கள் சொன்னதுதான். இருவரும் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பக்தி சபையை நடத்தினார்கள். அதன் சார்பில் 1918 மார்ச் 2ஆம் தேதி ஒரு கூட்டம் கூட்டினார்கள். பக்திப் பேச்சுக்கென்று வந்த கூட்டம் ஆலைக் கதையைப் பேசிக் கலைந்தது. அதன் பிறகு அன்னி பெசன்ட்டைத் தேடி அவருடைய ‘நியூ இந்தியா’ பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். பெசன்ட் ஊரில் இல்லை. கிடைத்தவர் பி.பி. வாடியா.

பஹ்மன் பெஸ்டன்ஜி வாடியா பம்பாய்ப் பார்சி, பிரம்மஞான சபைக்காரர். அடையாற்றில் சபையின் பதிப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக 1917இல் பெசன்ட், அருண்டேல் ஆகியோருடன் ஊட்டியில் காவலில் வைக்கப்பட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். தமிழ் தெரியாது, வாழ்நாளில் ஒரு தறியை ஓட்டியதில்லை. ஆங்கிலத்தில் அவர் பேச, தமிழில் சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் முறையாகத் தொடங்கியபோது அவர்தான் தலைவர். செல்வபதியும் ராமானுஜுலுவும் செயலாளர்கள். துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க.; அப்போது ‘தேசபக்தன்’ ஆசிரியர். சந்தா கட்டி உறுப்பினராகி, கணக்கு வைத்து நடத்தும் நவீனத் தொழிற்சங்கம் இந்தியாவில் இதுதான் முதல் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் கருத்து. இதற்கு முன்னும் சங்கங்கள் இருந்தன. அவை பெரும்பாலும் ஒரு வேலைநிறுத்தத்தோடு தோன்றி அதோடு மறைந்தவை.

சங்கம் மனுக் கொடுத்தது. சாப்பாட்டு நேரம் அரை மணியிலிருந்து நாற்பது நிமிடமாயிற்று. பத்து நிமிடம்தான். ஆனால் சட்டம் கட்டாயப்படுத்தாத பத்து நிமிடம் அது.

நிர்வாகத்துக்கு உறுத்தியதும் அதுதான். பத்து நிமிடத்தைக் கொடுக்கலாம். சங்கத்தோடு பேசுவது வேறு விஷயம். என் ஆலைக் கூலியாள் என்னிடம் வரட்டும், அடையாற்றுப் பார்சிக்கு இங்கே என்ன வேலை என்பதே பின்னியின் நிலை. வாடியாவின் பக்கமும் தயக்கம் இருந்தது. போர் முடியும்வரை வேலைநிறுத்தம் கூடாது என்று தொழிலாளர்களை அவரே தடுத்தார். ராணுவத்துக்குத் துணி நின்றுபோகும் என்பது அவர் கவலை. இடதுசாரி எழுத்தாளர்கள் இதற்காக அவரைப் பின்னாளில் கடுமையாகச் சாடினார்கள். அந்தச் சாடலில் நியாயம் உண்டு. ஆனால் அதே வாடியாதான் 1919இல் லண்டனுக்குப் போய்ப் பாராளுமன்றக் குழுவின் முன் சென்னைத் தொழிலாளி பற்றிச் சாட்சியம் சொன்னவர். அந்த ஆண்டு வாஷிங்டனில் நடந்த முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷிக்கு ஆலோசகராக இருந்தவர்.

1920 அக்டோபரில் பக்கிங்காம் ஆலையின் நெசவுப் பிரிவில் ஒரு பதவி உயர்வு பற்றி எழுந்த தகராறு கைமீறியது. நிர்வாகம் கதவடைப்புச் செய்தது. டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தனர். இதற்கிடையில் பின்னி கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வாடியா உள்ளிட்ட சங்கத் தலைவர்கள் தொழிலாளர்களைத் தூண்டி ஒப்பந்தத்தை மீறச் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 75,000 ரூபாய் இழப்பீடு வேண்டும்; இனி அப்படித் தூண்டாதபடி தடையாணை வேண்டும். நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்கியது. ஆலைக் கதவை மூடியது கம்பெனி. ‘வேலைக்குப் போகாதே என்று சொல்லாதே’ என்ற தடை சங்கத்துக்கு. முரண்பாடு நமக்குத்தான் தெரிகிறது. அன்றிருந்த சட்டத்தில் அதற்கு இடமிருந்தது.

அந்தச் சட்டம் என்ன என்று சற்று நின்று பார்க்க வேண்டும். அதன் வேர் ஒரு பாட்டுக்காரியின் வழக்கில் இருக்கிறது. 1850களின் தொடக்கத்தில் லண்டனில் ஓர் இசை அரங்கத்துக்குப் பாட ஒப்புக்கொண்டிருந்த ஜொஹன்னா வாக்னர் என்ற பாடகியை, அதிகப் பணம் தருவதாகச் சொல்லிப் போட்டி அரங்கத்துக்காரர் இழுத்துக்கொண்டார். பாடகி ஒப்பந்தத்தை மீறினார் என்றால் பாடகி மேல் வழக்கு. இழுத்தவர் மேல் என்ன? அவருக்கும் முதல் அரங்கத்துக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லையே. இருந்தாலும் பிறர் ஒப்பந்தத்தை உடைக்கத் தூண்டுவதே தனியாக ஒரு தவறு என்று 1853இல் ஆங்கில நீதிமன்றம் சொன்னது. அரங்க முதலாளிகள் இருவருக்குள் நடந்த சண்டைக்குச் சொன்ன தீர்ப்பு. வேலைநிறுத்தம் என்றால் என்ன? நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேலை ஒப்பந்தத்தை மீறுவது. அதற்குத் தூண்டியவர் யார்? சங்கத் தலைவர். லண்டன் பாடகிக்காகப் பிறந்த கொள்கை இந்த வழியில் பெரம்பூர் நெசவாளிக்கு வந்து சேர்ந்தது.

கிரிமினல் பக்கம் இன்னும் மோசம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு ‘சட்டவிரோதம்’ என்பதற்குள் சிவில் வழக்குக்கு இடம் தரும் எந்தச் செயலையும் சேர்த்துவிட்டது. 1913இல் அதே சட்டத்தில் குற்றச் சதி என்ற புதிய அத்தியாயம் நுழைந்தது: சட்டவிரோதமான ஒன்றைச் செய்ய இருவர் ஒப்புக்கொண்டு அதற்காக ஓர் அடி எடுத்துவைத்தாலே சதி. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒப்பந்த மீறலுக்குத் தூண்டுவது சிவில் வழக்குக்கு உரியது, எனவே சட்டவிரோதம், எனவே அதற்கு இருவர் கூடித் திட்டமிட்டால் குற்றச் சதி. சங்கத்தின் செயற்குழு கூடி வேலைநிறுத்தம் என்று தீர்மானம் போட்டால், அந்தத் தீர்மான ஏட்டையே அரசுத் தரப்பு சாட்சியமாகக் காட்டலாம்.

இங்கிலாந்தில் இது எப்படி இருந்தது? அங்கும் இதே சிக்கல் வந்தது. தெற்கு வேல்ஸின் டாஃப் வேல் ரயில் கம்பெனி 1900ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்காகச் சங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. 1901இல் பிரபுக்கள் சபை கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சங்கம் 23,000 பவுண்டு இழப்பீடு கட்ட நேர்ந்தது. தொழிலாளர்கள் கொதித்தார்கள். அவர்களுக்கு ஓட்டு இருந்தது. 1906 தேர்தலுக்குப் பின் வந்த லிபரல் அரசு, தொழில் தகராறு தொடர்பான செயல்களுக்காகச் சங்கங்கள் மேல் அப்படி வழக்குத் தொடர முடியாதபடி சட்டம் இயற்றியது. ஆக, 1920இல் லங்காஷயரில் ஒரு பருத்தி ஆலை முதலாளி செய்ய முடியாததை, பிரிட்டிஷ் கம்பெனியான பின்னி பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்த சென்னையில் செய்ய முடிந்தது. முதலாளிக்கு உதவும் நீதிமன்றக் கொள்கை கடல் கடந்து வந்தது. தொழிலாளிக்கு உதவும் பாராளுமன்றச் சட்டம் வரவில்லை. பெரம்பூர்க்காரருக்கு ஓட்டு இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வழக்கு இறுதித் தீர்ப்புவரை போகவில்லை. 1921 ஜனவரியில் சமரசம். வாடியா தொழிலாளர் சங்கத்திலிருந்து விலகுவது, கம்பெனி வழக்கைத் திரும்பப் பெறுவது. தொழிலாளர்கள் பழைய நிலைமைக்கே வேலைக்குத் திரும்பினார்கள். தலைமை தாங்கியவர்கள் என்று கருதப்பட்ட சிலரை ஆலை எடுத்துக்கொள்ளவில்லை. வாடியா பிறகு தொழிற்சங்கத்துக்குத் திரும்பவே இல்லை. பிரம்மஞான சபையையும் விட்டார். 1945இல் பெங்களூரில் இந்திய உலகப் பண்பாட்டு நிலையத்தை நிறுவி அங்கேயே 1958இல் காலமானார்.

பெரம்பூரில் கம்பெனி ஜெயித்தது. ஆனால் அந்த ஜெயம் வெளியே பேசப்பட்டுவிட்டது. பிரிட்டனில் தொழிற்கட்சிக்காரர்கள் இந்திய மந்திரி மான்டேகுவிடம் முறையிட்டார்கள். தொழிற்கட்சி எம்.பி. கர்னல் வெட்ஜ்வுட்டின் முன்னுரையோடு வாடியாவின் சென்னைப் பேச்சுகள் 1921இல் நூலாக வந்தன. 1920 அக்டோபர் கடைசியில் பம்பாயில் அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸ் உருவாகியிருந்தது. லாலா லஜபதி ராய் தலைவர். சென்னை வழக்கு அதன் கையில் கிடைத்த வலுவான உதாரணம். எந்த ஊர்ச் சங்கத் தலைவருக்கும் நாளை இதே கதி வரலாமே.

1921 மார்ச் 1ஆம் தேதி மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி எழுந்தார். கோபாலகிருஷ்ண கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் உறுப்பினர். தொழிலாளர் சார்பாக நியமிக்கப்பட்டவர். தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் ஏற்கப்பட்டது. அதன் பிறகு அரசு எந்த அவசரமும் காட்டவில்லை. மாகாணங்களின் கருத்தைக் கேட்டது, முதலாளிகள் சங்கங்களின் கருத்தைக் கேட்டது. மசோதா சபைக்கு வந்தது 1925 ஆகஸ்டில். 1926 மார்ச் 25ஆம் தேதி வைசிராயின் ஒப்புதல். நடைமுறைக்கு வந்தது 1927 ஜூன் 1ஆம் தேதி. ஒரு தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள். இதே காலத்தில்தான் நாம் சென்ற இதழில் பார்த்த 1859ஆம் ஆண்டுச் சட்டமும் ஒழிந்தது. 1925இல் இயற்றப்பட்ட ரத்துச் சட்டம் 1926 ஏப்ரல் 1 முதல் அமலானது. ஓடிப்போன கூலியாளைச் சிறையில் போடும் சட்டம் போகவும் சங்கம் வைப்பவரைக் காக்கும் சட்டம் ஒப்புதல் பெறவும் இடையில் ஒரு வாரம்தான்.

1926ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டமான இந்தியத் தொழிற்சங்கச் சட்டத்தில் முப்பத்துச் சொச்சம் பிரிவுகள். ஏழு பேர் கையெழுத்திட்டுப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். விதிமுறை இருக்க வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். பதிவானால் சங்கத்தின் பேரில் சொத்து வாங்கலாம், வழக்குப் போடலாம். இதெல்லாம் எந்தக் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இருக்கும் ஏற்பாடு. சட்டத்தின் உயிர் 17, 18 என்ற இரண்டு பிரிவுகளில் இருந்தது. தொழிற்சங்கத்தின் சட்டபூர்வமான நோக்கத்துக்காக உறுப்பினர்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்காகக் குற்றச் சதி என்று தண்டிக்க முடியாது என்றது 17. அடிதடி, கொளுத்துதல் போன்ற குற்றம் செய்யத் திட்டமிட்டால் அந்தக் காப்பு கிடையாது. தொழில் தகராறு தொடர்பான செயல், பிறரை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற ஒரே காரணத்துக்காகச் சிவில் வழக்கு நிற்காது என்றது 18. உயர் நீதிமன்றத்தில் பின்னி கம்பெனியின் மனு எந்தக் காலில் நின்றதோ அந்தக் காலை அளவெடுத்து வெட்டியது போன்ற வாசகம்.

வெட்டு எவ்வளவு ஆழம் என்பது அரை நூற்றாண்டுக்குப் பிறகு தெரிந்தது. ரோதாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில், சட்டவிரோதமான வேலைநிறுத்தத்தால் ஏற்பட்ட நஷ்டத்தைத் தொழிலாளர்கள் கட்ட வேண்டும் என்று மத்தியஸ்தர்கள் சொல்லியிருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றால் அதற்குச் சட்டத்தில் தனித் தண்டனை இருக்கிறது, இழப்பீடு என்று கேட்க இடமில்லை என்பது அதன் சாரம்.

வாடியாவின் நிழல் இன்னொரு பிரிவிலும் உண்டு. ‘வெளியாள்’ என்ற பிரச்சினை. முதலாளிகள் வெளியாட்களே கூடாது என்றார்கள். படித்தவரும் பேசத் தெரிந்தவரும் வேலை போய்விடுமே என்ற பயம் இல்லாதவரும் வெளியிலிருந்துதான் வர முடியும் என்பது ஜோஷி போன்றவர்களின் வாதம். சட்டம் நடுவில் கோடு போட்டது: நிர்வாகிகளில் பாதிப் பேராவது அந்தத் தொழிலில் உண்மையில் வேலை செய்பவராக இருக்க வேண்டும், மீதி யாராகவும் இருக்கலாம். 2001ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த மீதியை மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அது என்று சுருக்கியது. அதே திருத்தத்தில், பதிவுக்கு ஏழு பேர் போதாது, பத்து சதவீதம் அல்லது நூறு தொழிலாளர்கள், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக வேண்டும் என்றும் வந்தது.

இனி, சட்டம் கொடுக்காததைப் பார்ப்போம். 1918இல் பின்னி மறுத்தது எதை? சங்கம் இருப்பதையல்ல, அதோடு உட்கார்ந்து பேசுவதை. 1926ஆம் ஆண்டுச் சட்டம் சங்கம் வைக்கும் உரிமையைக் கொடுத்தது, வழக்கிலிருந்து காத்தது, அதோடு நின்றுகொண்டது. பதிவான சங்கத்தை முதலாளி அங்கீகரித்துப் பேச்சுவார்த்தைக்கு அழைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. கவனக்குறைவு என்று சொல்லவும் முடியாது. 1947இல் கட்டாய அங்கீகாரத்துக்கு ஓர் அத்தியாயமே சேர்த்துத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அது கடைசிவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. சட்டப் புத்தகத்தில் அச்சாகி, அமலுக்கு வராமலே கிடந்தது. மகாராஷ்டிரம் 1971இல் தனக்கென்று ஒரு சட்டம் செய்துகொண்டது. தமிழ்நாடு, முதல் சங்கம் பிறந்த மாநிலம், செய்யவில்லை.

1982இல் தொழில் தகராறுச் சட்டத்தைத் திருத்தி ‘நியாயமற்ற தொழில் நடைமுறைகள்’ என்று ஒரு பட்டியல் சேர்த்தார்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை மிரட்டுவது, ஊரை விட்டு ஊர் மாற்றுவது, வேலையை விட்டு எடுப்பது எல்லாம் அதில் வந்தன, தண்டனையும் இருந்தது. நல்ல பட்டியல்தான். அதில் பேச்சுவார்த்தை பற்றிய வரி எப்படி இருந்தது தெரியுமா? ‘அங்கீகரிக்கப்பட்ட’ சங்கத்தோடு நல்லெண்ணத்துடன் பேச மறுப்பது தவறு என்று. அங்கீகரிக்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அங்கீகரிக்காத சங்கத்தோடு பேசாவிட்டால் அது தவறாகவில்லை. முதலாளிகளின் வக்கீல்கள் இந்த ஓட்டையை நன்றாக அறிந்திருந்தார்கள்.

அரசியலமைப்பைக் காட்டினால்? 19ஆவது பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமைக்குள் கூட்டுப் பேரமோ வேலைநிறுத்தமோ அடங்காது என்று 1961இல் வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. முதல் இரண்டைச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மூன்றாவது நீதிபதிகளின் வேலைதானா என்பது என் சந்தேகம்.

1918இன் சண்டை பழங்கதை என்று நினைப்பவர்கள் பெரம்பூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வரலாம். 2024 செப்டம்பர் 9ஆம் தேதி அங்குள்ள சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 37 நாள். ஊதியக் கோரிக்கை இருந்தது. ஆனால் நடுநாயகமான கேள்வி, சிஐடியு தொழிற்சங்கத்தின் துணையுடன் அவர்கள் தொடங்கிய சங்கத்தைப் பதிவு செய்வதும் அதோடு பேசுவதும். பதிவு விண்ணப்பம் மாதக்கணக்கில் தூங்கியது. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், முடிவெடுக்கத் தொழிலாளர் துறைக்கு நீதிமன்றம் கெடு விதித்து, 2025 ஜனவரி 27ஆம் தேதி சங்கம் பதிவானது. அத்தனை பேரும் அதிகம் புரட்டிய சட்டம் 1926ஆம் ஆண்டுச் சட்டம்தான். வாடியா காலத்தைப் போலவே ‘வெளியாள்’ என்ற சொல் அங்கும் திரும்பத் திரும்பக் கேட்டது.

பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐடி துறைக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று மனிதவளத் துறையினர் வெகுநாள் சொல்லிவந்தார்கள். பலர் நம்பவும் நம்பினார்கள். ஐடி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டது. அடையாள அட்டையில் ‘அசோசியேட்’ என்று இருப்பதால் ஒருவர் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதில்லை. செய்யும் வேலை என்ன என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். வேலை நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, ராஜினாமா கேட்டு வந்த மின்னஞ்சல் இவற்றின் நகல் சொந்தக் கையில் இருக்கட்டும். கம்பெனி லேப்டாப்பில் இருப்பது உங்களிடம் இருப்பதாகாது. ‘நீங்களே எழுதிக்கொடுத்தால் நல்லது’ என்று ஓர் அறையில் உட்காரவைத்துக் கேட்டால், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரத் தடையேதும் இல்லை. தானாக ராஜினாமா செய்தவருக்குப் பணிநீக்கத்தை எதிர்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும். அவ்வளவு அவசரமாக அந்தக் கையெழுத்தைக் கேட்பதற்கு அதுவே காரணம்.

2020இல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்பை மத்திய அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1926, 1946, 1947ஆம் ஆண்டுகளின் மூன்று சட்டங்கள் அதற்குள் போய்விட்டன. வாடியா வழக்கு பெற்றுத் தந்த பாதுகாப்பு, எண் மாறித் தொகுப்பிலும் தொடர்கிறது. பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது: ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும், எந்தச் சங்கமும் அந்த அளவை எட்டாவிட்டால் 20 சதவீதம் உள்ளவை சேர்ந்த ஒரு குழுவோடு. நூறாண்டுக்கு மேல் கேட்ட அங்கீகாரம் சட்டத்தில் ஏறிவிட்டது. பக்கத்திலேயே விலையும் எழுதப்பட்டிருக்கிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு இனி எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம்தான். ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி கேட்க வேண்டிய நிறுவனத்தின் அளவு நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறாக உயர்ந்துவிட்டது. பேச உட்கார நாற்காலி கொடுத்து எழுந்து போகும் வழியைக் குறுக்கியிருக்கிறார்கள் என்பது என் தீர்ப்பு. மாறுபடுபவர்கள் எழுதலாம்.

பின்னி ஆலை 1996இல் மூடப்பட்டது. அந்த இடத்தை இன்றைய தலைமுறை சினிமா படப்பிடிப்புத் தளமாகத்தான் அறியும்.

ஒன்றை இந்த இதழில் வேண்டுமென்றே தொடாமல் விட்டிருக்கிறேன். வாடியா விலகிய சில மாதங்களில், 1921இன் நடுவில், அதே ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் வெடித்தது, மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களும் சாதி இந்துத் தொழிலாளர்களும் எதிரெதிரே நின்றார்கள், புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, சங்கம் உடைந்தது. ஆதிதிராவிடர் பக்கம் எம்.சி. ராஜா, மறுபக்கம் திரு.வி.க., நடுவில் நீதிக்கட்சி அரசும் கவர்னர் வில்லிங்டனும். எந்தச் சட்டப் பிரிவாலும் காக்க முடியாத ஓர் இடத்தில் அந்தச் சங்கம் அடிவாங்கியது. அடுத்த இதழ் முழுதும் அதற்கே. புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி வாசகர்கள் வீட்டில் பின்னி ஆலையின் பழைய சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, படம் எது இருந்தாலும் அதன் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். இரு தரப்புக் குடும்பங்களின் நினைவுகளும் வேண்டும்.

(தொடரும்)